மீன்நூல் தந்த மருத்துவர் பிரான்சிஸ் டே

கயலைக் கொடியிற் பொறித்தவர் பாண்டியர். அவர்தம் தலைநகரின் தெய்வமும் மீனைப் போன்ற கண்ணுடையவள். மீன் தன் பார்வையாலும், ஆமை தன் நினைவாலும், பறவை தன் தழுவலாலும் முட்டையைக் குஞ்சாக்கும் என்னும் கருத்து தமிழ்ச் சமய மரபில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மீனாட்சியின் அருள்நோக்கிற்குப் பெரியோர் கூறும் விளக்கமும் இதுவே. இத்தகைய நாட்டிற்கு, தாய்மீனின் பார்வை படாத முட்டைகளைக் கடல் கடந்து கொணர்ந்து, நம் மலையோடைகளில் உயிர்ப்பிக்க முயன்று தோற்ற ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். தோற்றவர் என்று அவரை ஒதுக்கிவிட இயலாது. அத்தோல்விக்குப் பின் அவர் நம் நாட்டு மீன்களின்பால் செலுத்திய நோக்கே, அவற்றிற்கு அறிவுலகில் நிலையான இடத்தைத் தேடித் தந்தது. அவர்தாம் டாக்டர் பிரான்சிஸ் டே.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சசெக்ஸ் மாவட்டத்தில், மேர்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் டே பிறந்தார். நிலபுலம் உடைய குடும்பம். சுரூஸ்பரி பள்ளியில் அவர் பயின்றார். அவருக்கு ஒரு தலைமுறை முன்னர் சார்லஸ் டார்வின் பயின்றதும் அதே பள்ளிதான். பின்னர் இலண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றுத் தேறினார். 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

படையோடு செல்லும் மருத்துவருக்கு ஓரிடத்தில் நிலைத்த வாழ்வில்லை. இரண்டாம் பர்மியப் போர், ஐதராபாத்து என்று அவர் இடம் மாறிக்கொண்டே இருந்தார். பறவைகளையும் விலங்குகளையும் உற்றுநோக்கிக் குறித்து வைக்கும் பழக்கம் இளமையிலேயே அவரிடம் வேரூன்றியிருந்தது. 1857-இல் இலண்டன் லின்னேயக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஆயினும் மீன்கள் அவருடைய வாழ்க்கைப் பொருளானது கொச்சிக்கு மாறிச் சென்ற பின்னரே ஆகும்.

கொச்சியில் மருத்துவர்

கடலும் காயலும் கைகோத்துக் கிடக்கும் கொச்சியில், கரையெங்கும் வலை, கடைத்தெருவெங்கும் மீன். நோயாளிகளைப் பார்த்து முடித்த மருத்துவர் மீன்கடைக்குச் சென்றார். பிடிபட்ட மீனை அளந்தார், செதிலை எண்ணினார், துடுப்பு முட்களைக் கணக்கிட்டார், கையால் வரைந்தார். மீனவரிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கொச்சி நாட்டின் வரலாறு, மக்கள், இயற்கை ஆகியவற்றைத் தொகுத்து, பெருமாக்கள் நாடு என்னும் பொருள்படும் தலைப்பில் 1863-இல் ஒரு நூலை வெளியிட்டார். மலபாரின் மீன்களைப் பற்றிய தனி நூல் 1865-இல் இலண்டனில் வெளிவந்தது.

இந்நூல் வெளிவந்த ஆண்டில் அவர் அறிவியலுக்கு அறிமுகம் செய்த மீன்களுள் ஒன்று, செந்நிறக் கோடும் கருநிறக் கோடும் உடலில் இணைந்தோடும் சிறிய ஆற்று மீன். அதற்கு அந்நாளைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே வாழும் அம்மீன், இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளுக்காக விலை பேசப்பட்டு, அழியும் நிலையில் உள்ள மீன்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

டிரவுட் மீனும் நீலகிரியும்

கொச்சியின் வெம்மையும் நோயும் டேயின் உடலை வாட்டின. உடல்நலம் குன்றிய வெள்ளையர்க்கு அக்காலத்தில் புகலிடமாக இருந்தது உதகமண்டலம். ஜான் சல்லிவன் அமைத்த ஏரியும், மூடுபனியும், பசும்புல் மேடுகளும் அவர்களுக்குத் தாயகத்தை நினைவூட்டின. அங்கு அவர்கள் வீடு கட்டினர், தோட்டமிட்டனர், உருளைக்கிழங்கு பயிரிட்டனர். தாயகத்தின் ஒரு பொருள் மட்டும் அங்கில்லை. அதுவே டிரவுட் மீன்.

பழுப்பு டிரவுட் குளிர்ந்த தெளிநீரில் வாழும் மீன். பொன்பழுப்பு உடலில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் உடையது. ஆற்றின் மேல் பறக்கும் பூச்சி நீரில் விழுந்ததும் மேலெழுந்து கவ்வும் இயல்பினது. ஆதலின் அதனைப் பிடிக்க ஆங்கிலேயர் மண்புழுவை விட்டுவிட்டு, இறகும் பட்டுநூலும் கொண்டு முள்ளின்மேல் பொய்ப்பூச்சி ஒன்றைக் கட்டி, நீண்ட கோலால் வீசி, நீரின்மேல் மெல்ல இறக்குவர். இரையல்லாத இரையால் மீனை வெல்லும் இக்கலை அவர்கள் நாட்டில் பெரியதோர் இலக்கியத்தையே தோற்றுவித்தது. நம் சங்கப் பாடல்களிலும் பாணர் தூண்டிலில் இரை கோத்து மீன் பிடிக்கும் காட்சிகள் உண்டு. பாணனுக்குத் தூண்டில் பிழைப்பு. ஆங்கிலக் கனவானுக்கோ அது பொழுதுபோக்கு. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இலையுதிர்காலத்தின் தொடக்கம் டிரவுட் பிடிப்போர்க்கு ஆண்டின் கடைசி வாய்ப்பு. அதன்பின் மீன் முட்டையிட ஆற்றின் தலைப்பகுதி நோக்கி ஏறும். தூண்டில்கள் ஓய்வு கொள்ளும். நம் பெரும்பொழுதுகளில் இது கூதிர்க்காலம். அங்கு இலையுதிரும் அதே ஐப்பசி, கார்த்திகையில் இங்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிறது; வைகையிலும் கண்மாய்களிலும் புதுவெள்ளம் புகுகிறது; கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்து ஏறுகின்றன. இரு நாட்டு மீன்களும் ஒரே பருவத்தில் ஆற்றை எதிர்த்து ஏறுவது வியப்பிற்குரியது.

நீலகிரியின் உயர்ந்த ஓடைகள் போதிய குளிர்ச்சியுடையவை. அருவிகள் இடையே நிற்பதால் கீழ்நாட்டு மீன்கள் அங்கு ஏறிச் செல்வதும் அரிது. எனவே டிரவுட் முட்டைகளைக் கொணர்ந்து அங்கு விடலாம் என்று டே எண்ணினார். 1863-இல் முதல் முயற்சி நிகழ்ந்தது. 1866-இல் மீண்டும் முயன்றார்.

முயற்சியின் அருமை இன்று எளிதில் விளங்காது. டிரவுட் முட்டை, நீரின் வெப்பம் 10 பாகை அளவில் இருந்தால் ஏறத்தாழ ஆறு வாரத்தில் பொரியும். நீர் குளிரக் குளிரப் பொரிக்கும் காலம் நீளும். வெப்பம் மிகுந்தால் முட்டை மடியும். சூயெசுக் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து வருவோர் எகிப்தை நிலவழியாகக் கடந்து செங்கடலில் மீண்டும் கப்பலேற வேண்டும். அன்றேல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டும். செங்கடலின் அனலையும் இந்துமாக்கடலையும் கடந்து கரைசேர்ந்த பின்னும், கொதிக்கும் சமவெளியில் நெடுவழி சென்று, மலையேற வேண்டியிருந்தது. வேரில் பழுத்த பழமல்ல அது. ஒவ்வொரு நாழிகையும் சாவோடு போராட வேண்டிய பயணம்.

செய்ய இயலாத செயலும் அன்று அது. 1864-இல் ஜேம்ஸ் யூல் என்பார் சால்மன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டியின் நடுவே வைத்து, நார்ஃபோக் என்னும் கப்பலில் ஆஸ்திரேலியா வழியாகத் தாஸ்மேனியாவிற்குச் சேர்ப்பித்தார். கப்பல் ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் இருந்தது. உடன் சென்ற சில ஆயிரம் டிரவுட் முட்டைகள் பொரித்து, பெருகி, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அம்மீன் பரவக் காரணமாயின. அங்கு வென்ற முயற்சி நீலகிரியில் வெல்லவில்லை. டே விரும்பிய பழுப்பு டிரவுட் அவர் காலத்தில் அம்மலையில் நிலைகொள்ளவில்லை. உதகைத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் மக்கைவரும் அவரையடுத்து இம்முயற்சியில் ஈடுபட்டார்.

அணைகளும் மீன்களும்

டிரவுட் முயற்சி தோற்றாலும், மீன் பற்றி அறிந்தவர் என்னும் பெயர் டேக்கு நிலைத்தது. ஆறுகளின் குறுக்கே கட்டப்படும் அணைக்கட்டுகளால் மீன்வளம் குன்றுகிறதா என ஆராயும் பொறுப்பைச் சென்னை அரசு 1867-இல் அவரிடம் ஒப்படைத்தது. இது அவர் வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. தாயகத்து மீனை இங்குக் கொணர எண்ணியவர், இங்குள்ள மீன் ஏன் குறைகிறது என்று கேட்கும் நிலைக்கு வந்தார்.

கடலில் வாழும் உல்லம் முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறி வரும் மீன். கொள்ளிடத்தில் அதன் வழியை அணைக்கட்டு மறித்தது. ஏற இயலாத மீன்கள் அணையின் அடியிலேயே திரள, அங்கேயே அவை வாரிப் பிடிக்கப்பட்டன. மடைவாய்களில் பொறி வைத்தும், சிறுகண் வலை வீசியும், நீரில் நஞ்சு கலந்தும் குஞ்சுகள் அழிக்கப்படுவதை டே ஊர்தோறும் கண்டார். ஆட்சியர்கள், வட்டாட்சியர்கள் ஆகியோரிடமிருந்து விடைகளைப் பெற்றுத் தொகுத்து, இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்வளம் பற்றியும் கடல் மீன்வளம் பற்றியும் 1873-இல் இரண்டு பெரும் அறிக்கைகளை வெளியிட்டார். அதற்குமுன் 1871-இல் இந்திய மீன்வளத் தலைமைக் கண்காணிப்பாளர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது.

அணைகளில் மீன் ஏறும் வழி அமைத்தல், வலைக்கண்ணின் அளவை வரையறுத்தல், நஞ்சிட்டு மீன் பிடிப்பதைத் தடுத்தல் ஆகியவை அவர் வற்புறுத்தியவை. இக்கருத்துகள் எளிதில் ஏற்கப்படவில்லை. ஆற்று மீன் ஏழையின் உணவு. அதற்குத் தடை விதித்தால் அவன் வயிற்றில் அடித்ததாகும் என்ற அச்சம் ஆட்சியாளர்க்கு இருந்தது. அவ்வச்சம் பொருளற்றதன்று. டேயின் பார்வையில், குஞ்சைப் பிடிக்கும் ஏழை உழவனின் குற்றம் சில இடங்களில் அணை கட்டிய அரசின் குற்றத்தைவிடப் பெரிதாகத் தோன்றியதும் உண்டு. ஆட்சி செய்யும் நாட்டவராகவே அவர் இந்நாட்டைக் கண்டார் என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் முட்டையிடும் மீனுக்கு வழிவிட வேண்டும் என்ற அவருடைய அடிப்படை வாதம் பிழையன்று. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல், அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்தே வந்தது.

பெருநூலின் தோற்றம்

ஊர் ஊராகச் சென்ற ஆண்டுகளில் டே மீன்களைத் திரட்டினார். ஆயிரக்கணக்கில் சாராயப் புட்டிகளில் அடைத்தார். படங்களைப் பெரும்பாலும் தம் கையாலேயே வரைந்தார். இவ்வுழைப்பின் பயனாக, இந்திய மீன்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. பவானியாற்று மீன் ஒன்றிற்கு அவ்வாற்றின் பெயரையே அறிவியற் பெயரில் அமைத்தார். பிரித்தானிய இந்திய விலங்கியல் வரிசையில் அவர் எழுதிய இரு தொகுதிகள் 1889-இல் வெளியாயின. அவற்றுள் 1418 மீனினங்கள் விளக்கப்பட்டுள்ளன. இன்றும் இந்திய மீனியலில் அடியெடுத்து வைப்போர் டேயைத் தொடாமல் அப்பால் செல்வதில்லை.

தமிழ் கற்றோர் சிறப்பாகக் கருதத்தக்கது பிறிதொன்று உண்டு. அறிவியற் பெயரோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் ஒவ்வொரு மீனுக்கும் வழங்கும் பெயரைக் கேட்டு உடன் எழுதினார். விராலும் வாளையும் அயிரையும் ஆங்கில எழுத்தில் அந்நூலுள் ஏறின. அவ்வெழுத்திற்கு லகர, ளகர, ழகர வேறுபாடு தெரியாது. குறில் நெடில் தெளிவும் இல்லை. ஆதலின் பல பெயர்கள் உருத்திரிந்து கிடக்கின்றன. பெயர் சொன்ன வலைஞரின் பெயரோ எங்கும் பதிவாகவில்லை. ஏட்டுச் சுவடியிற் சிதைந்த பாடத்தைத் திருத்துவது போலவே, இப்பெயர்களையும் ஊர் வழக்கோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. இது விலங்கியலாரால் மட்டும் இயலும் பணியன்று.

புலமைப் பகை

டேயின் வாழ்வில் புலமைப் பகை ஒன்று நிலவியது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவின் தலைவராக விளங்கிய ஆல்பர்ட் குந்தர், மீனியலில் அக்காலத்தின் பேரறிஞர். இந்திய மீன்கள் பலவற்றின் வகைப்பாட்டில் இருவரும் முரண்பட்டனர். கருத்து வேறுபாடு மனக்கசப்பாக முற்றியது. 1883-இல் டே தம் சேகரிப்பின் பெரும்பகுதியைத் தம் தாய்நாட்டு அருங்காட்சியகத்திற்கு அளிக்காமல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர அருங்காட்சியகத்திற்கு விற்றார். இப்பகையே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கருதுவர். நம் ஆறுகளின் மீன்கள் சிட்னியிற் போய்த் தங்கிய கதை இது. ஒரு மீனின் மூல மாதிரியைக் காண விரும்பும் இந்திய ஆய்வாளர் கடல் கடந்து செல்ல வேண்டிய நிலை இதனால் நேர்ந்தது. இருவர் மனத்தாங்கலின் விலையை மூன்றாமவர் கொடுக்க நேர்வது புலமை உலகில் புதிதன்று.

பணியிலிருந்து 1877-இல் ஓய்வு பெற்ற டே, இங்கிலாந்தில் செல்ட்டனம் நகரில் வாழ்ந்தார். இல்வாழ்க்கையில் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. இருமுறை மணந்து, இருமுறையும் மனைவியை இழந்தார். எஞ்சிய ஆண்டுகளை எழுத்திற்கே ஈந்தார். பிரித்தானிய மீன்களைப் பற்றிய நூலை 1880 முதல் 1884 வரை வெளியிட்டார். 1885-இல் சி.ஐ.இ. என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

நீலகிரியில் தம்மை ஏமாற்றிய டிரவுட்டை அவர் மறக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஹவிட்டன் மீன்பண்ணையில் நடைபெற்ற இனப்பெருக்க ஆய்வுகளில் ஈடுபட்டு, சால்மன், டிரவுட் குடும்பத்தைப் பற்றி 1887-இல் தனி நூல் எழுதினார். பிரித்தானிய ஆறுகளின் டிரவுட்டுகளைக் குந்தர் பல இனங்களாகப் பிரித்திருந்தார். நிறமும் உருவும் நீருக்கும் உணவுக்கும் ஏற்ப மாறுபவை; ஆற்று டிரவுட்டும் கடல் சென்று மீளும் டிரவுட்டும் ஓரினமே என்று டே வாதிட்டார். பெரும்பாலான அறிஞர் இன்று ஏற்பது டேயின் கொள்கையையே. முட்டையைப் பொரிக்க வைக்க இயலாதவர், அம்மீனின் இயல்பைச் சரியாக உணர்ந்து கூறினார்.

1889-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், புற்றுநோயால் டே மறைந்தார். வயது 60. அவருடைய கடைசிப் பெருநூல் அச்சேறியதும் அவ்வாண்டிலேயே.

அவருக்குப் பின்

டே மறைந்து ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின், ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளால் பழுப்பு டிரவுட் காசுமீரத்து ஆறுகளில் வேரூன்றியது. நீலகிரியில் வில்சன் என்பார் 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்கொண்ட முயற்சி வென்றது. அவலாஞ்சியில் 1907-இல் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ஆயின் அங்கு நிலைத்தது டே விரும்பிய பழுப்பு டிரவுட் அன்று. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட். மலையோடைகளின் தொல்லுயிர்கள் பல அதற்கு இரையாகும் என்ற எண்ணம் அக்காலத்தார்க்கு எழவில்லை. அயல்மீனைக் கொணர்வது நன்மையா என்ற வினா பிற்காலத்தது.

அவ்வினா மதுரைக்கும் உரியது. 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரோடு தமிழகத்துக் குளங்களை நிறைத்தது. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பின்னர் வந்து புகுந்தது. டேயின் டிரவுட் போல இவற்றிற்குப் பனிக்கட்டியோ மலைக்குளிரோ தேவைப்படவில்லை. சாக்கடை கலந்த நீரிலும் இவை பிழைக்கும். 1895-இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டது. 1959-இல் வைகை அணை எழுந்தது. அணைகளை எண்ணிக் கவலையுற்ற டே இவ்விரண்டையும் காணவில்லை. வெள்ளம் வரும் நாள் மட்டுமே வைகைக்கு ஆறு என்னும் பெயர் பொருந்துகிறது. அழகர் எழுந்தருளும் வண்டியூரில், தெப்பக்குளத்திற்கும் கண்மாய்க்கும் இடைப்பட்ட வயல்கள் மனைகளாயின. மழை பெய்து நீர் பெருகும் கூதிரில், வரத்துக்கால் வழியே எதிரேறி வந்த மீன்களுக்கு இப்போது ஏறுவதற்கு வழியில்லை.

அயிரைக் குழம்பு மதுரையின் பெருமைகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. குறவையும் ஆராலும் உளுவையும் வண்டியூர்க் கண்மாய்க்கரை முதியோர் நாவில் வழங்கும் பெயர்கள். கோடையில் நீர் வற்றிய கண்மாய்களில் ஊரார் திரண்டு ஊத்தாவும் கச்சாவும் கொண்டு மீன் பிடிக்கும் விழாக்களில் இப்பெயர்கள் இன்னும் ஒலிக்கின்றன. இளையோர்க்கோ பெரும்பாலும் எல்லாம் வெறும் மீனே. ஒரு மீன் நீரிலிருந்து மறைவதற்கு முன், பல வேளைகளில் அதன் பெயர் நாவிலிருந்து மறைந்துவிடுகிறது. பெயரற்றது மறைந்ததைக் கேட்பாரும் இலர்.

நம் மொழி அறியாத ஓர் அயல்நாட்டு மருத்துவர், காது கொடுத்துக் கேட்டு, தமக்குத் தெரிந்த எழுத்தில் நம் மீன்களின் பெயர்களைப் பிழையோடு எழுதி வைத்தார். பிழையைத் திருத்தும் மொழியறிவு தமிழ் கற்றோரிடம் உண்டு; பெயரைச் சரியாகச் சொல்லும் முதியோர் கண்மாய்க்கரைகளில் இன்னும் உளர். அவர்கள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட்டால், நெய்தலும் மருதமும் பாடிய மொழிக்கு அதன் மீன்கள் மீண்டு வரும். டேயின் நூலுக்குத் தமிழர் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.